ஒரே பெல்ட்டில் தொங்கும் மின்சாரம்

2021 செப்டம்பர் 3 அன்று மாருதி சுசூகி நிறுவனம் 1,81,754 பெட்ரோல் கார்களைத் திரும்ப அழைத்தது. சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 ஆகிய மாடல்களில் 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை அவை. ‘மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்’ என்ற உறுப்பைச் சோதித்து, பழுது இருந்தால் இலவசமாக மாற்றித் தருவதாக அறிவிப்பு சொன்னது. கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தது. சோதனை முடியும்வரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்டாதீர்கள்; காரின் மின்சார, மின்னணு உறுப்புகள் மேல் நேராகத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள்.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் கார் வைத்திருப்பவர் இந்த வேண்டுகோளை எப்படி நிறைவேற்றுவார்? ஒரு பக்கம் காயல், கொஞ்சம் மேற்கே போனால் அரபிக்கடல். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 2019 அக்டோபர் 21 அன்று, எர்ணாகுளம் இடைத்தேர்தலில் மக்கள் ஓட்டுப் போட வேண்டிய நாளில், பெய்த மழையில் நகரமே வெள்ளக்காடானது. ஓடைகளையும் வடிகால்களையும் மீட்க அரசு ‘ஆபரேஷன் பிரேக் த்ரூ’ என்ற திட்டத்தைத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மழையே இல்லாத நாட்களிலும் தண்ணீர் வரும். நவம்பருக்குப் பிறகு, முழுநிலவு அமாவாசையை ஒட்டிக் கடல் உயரும்போது, வடிகால்கள் வழியாகக் காயல் நீர் பின்னோக்கி ஏறிப் பள்ளமான தெருக்களில் நின்றுவிடுகிறது. உள்ளூர்க்காரர்கள் இதை வேலியேற்றம் என்கிறார்கள். மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவரும் வெள்ளத்தால் காயல் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். வேலியேற்றத்தில் வருவது உப்புத் தண்ணீர். இந்த வேறுபாடு ஒரு காருக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்த யூனிட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பழைய காரில் இரண்டு மின் இயந்திரங்கள் தனித்தனியாக இருந்தன. சாவியைத் திருப்பினால் இன்ஜினைச் சுழற்றி எழுப்பும் செல்ஃப் மோட்டார் ஒன்று. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதன் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுத்து பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் இன்னொன்று. பட்டறைகளில் அதை இன்றும் டைனமோ என்றே சொல்கிறார்கள். திரும்ப அழைக்கப்பட்டவை போன்ற மைல்டு ஹைப்ரிட் காரில் ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வேலையும் தெரிந்த ஒரு இயந்திரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. பெல்ட் அதைச் சுழற்றினால் அது ஜெனரேட்டர். அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அதுவே மோட்டாராகிப் பெல்ட்டை இழுக்கிறது. சிக்னலில் நின்ற இன்ஜினைச் சத்தமின்றி எழுப்புகிறது, வேகமெடுக்கும்போது கொஞ்சம் தள்ளிவிடுகிறது, காலை எடுத்ததும் சக்கரத்தின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. பல மாடல்களில், காலையில் குளிர்ந்த இன்ஜினை முதல் தடவை எழுப்ப மட்டும் பழைய செல்ஃப் மோட்டாரையும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

இது இன்றைய கண்டுபிடிப்பு என்று நினைத்தால் வரலாறு வேறு கதை சொல்கிறது. 1912-இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் பொருத்திய முதல் வெற்றிகரமான செல்ஃப் ஸ்டார்ட்டரே மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒன்றான இயந்திரம்தான். இன்ஜினை எழுப்பும்போது 24 வோல்ட்டிலும், பிறகு மின்சாரம் தரும்போது 6 வோல்ட்டிலும் அது வேலை செய்தது. கைப்பிடி சுழற்றிக் கை முறித்துக்கொண்ட ஓட்டுநர்களின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. ஆனால் இரண்டு வேலைகளின் குணமும் வேறு. எழுப்புவதற்குச் சில நொடிகள் மட்டும் முரட்டு விசை வேண்டும். மின்சாரம் ஆக்குவதற்கு மணிக்கணக்கில் வேகமாகச் சுழல வேண்டும். ஒரே இயந்திரத்தை இரண்டுக்கும் ஏற்ப மாற்றிவிடும் சுவிட்சுகள் அன்று கரடுமுரடானவை. ஆகவே இரண்டும் பிரிந்தன, ஒரு நூற்றாண்டுக்குப் பெரும்பாலும் பிரிந்தே இருந்தன. சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நம் வண்டிகளுக்குச் செய்து தந்த டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் தனித்தனிப் பெட்டிகள்தான்.

மறுபடி சேர்த்துவைத்தது குறைக்கடத்தி. நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடும் மாஸ்ஃபெட் சுவிட்சுகள், சுழலி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்கும் உணரி, இவற்றை ஆளும் சின்னக் கணினி. இத்தனையும் இன்று பெரும்பாலும் அந்த யூனிட்டின் முதுகிலேயே ஒட்டியிருக்கின்றன. செம்புச் சுருளும் இரும்பும் மட்டுமிருந்த ஒரு பொருள், இன்ஜின் அருகில் வெந்துகொண்டிருக்கும் கணினியாக மாறிவிட்டது.

இவ்வளவு சிரமம் எதற்கு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 46 வாட்மணி. சாதாரணக் காரில் பிரேக் பிடித்தால் அவ்வளவும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றோடு போய்விடும். 2018-இல் புதிய சியாஸில் மாருதி வைத்த லித்தியம் பேட்டரியின் அளவு 12 வோல்ட், 6 ஆம்பியர்மணி; பெருக்கினால் 72 வாட்மணி. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு எட்டு மணி நேரம் எரியும், அவ்வளவுதான். ஆனாலும் 60-இல் போன கார் நிற்கும்போது இழப்பதை முழுதாக உள்ளே வாங்கிக்கொள்ள அது போதும்.

கொள்ளளவு போதும், வேகம்தான் போதாது. அந்தக் காரைப் பத்து நொடியில் நிறுத்தினால் ஆற்றல் வெளிவரும் வேகம் சராசரியாகப் பதினாறு கிலோவாட்டைத் தாண்டும். 12 வோல்ட்டில் 150 ஆம்பியர் வாங்கக்கூடிய இயந்திரம் பிடிப்பது 1.8 கிலோவாட். பத்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம் கைக்குக் கிடைக்கிறது. பெட்ரோலாகச் சொன்னால் ஒரு நிறுத்தத்துக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிலிட்டர். நகரத்தில் இதைவிடப் பெரிய சேமிப்பு, நிற்கும்போது இன்ஜினை அணைப்பதில் இருக்கிறது. சிறிய பெட்ரோல் இன்ஜின் சும்மா ஓடினாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். கொச்சியின் தோப்பும்படிப் பக்கம் வரிசையில் ஒரு நிமிடம் நின்றால் பத்து மில்லிலிட்டர் மிச்சம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மசாலா மூட்டை இறக்கும் லாரிக்குப் பின்னால் நின்று நின்று போகும் கார், கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் இந்த யூனிட்டை எழுப்பி வேலை வாங்குகிறது. எந்த ஊரில் சேமிப்பு அதிகமோ அந்த ஊரிலேயே தேய்மானமும் அதிகம்.

பெல்ட்டின் பாடு தனி. பழைய காரில் பெல்ட்டை எப்போதும் இன்ஜின்தான் இழுத்தது. ஒரு பக்கம் எப்போதும் இறுக்கம், மறுபக்கம் தளர்வு. இப்போது யூனிட் மோட்டாராக மாறும் ஒவ்வொரு முறையும் இறுக்கமும் தளர்வும் பக்கம் மாறுகின்றன. இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் டென்ஷனர் அதற்காகவே வைக்கப்படுகிறது. அது தளர்ந்தால் பெல்ட் வழுக்கும், கிறீச்சிடும். ஆல்டர்னேட்டர் வேறாக இல்லாததால், பெல்ட் அறுந்தால் மின்சாரம் ஆக்க எதுவுமே இல்லை. விளக்கு, வைப்பர், இன்ஜின் கணினி, பெட்ரோல் பம்ப், மின்சார ஸ்டீயரிங் எல்லாம் பேட்டரியில் மிஞ்சியிருப்பதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை வண்டி ஓடும், பிறகு நிற்கும்.

இந்த யூனிட்டுக்காகத் திரும்ப அழைப்பது 2021-இல் நடந்தது முதல் தடவையும் இல்லை. 2019 டிசம்பர் 6 அன்று, அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் நவம்பர் 21 வரை தயாரான 63,493 சியாஸ், எர்டிகா, எக்ஸ்எல்6 ஸ்மார்ட் ஹைப்ரிட் பெட்ரோல் கார்களை இதே உறுப்புக்காக நிறுவனம் அழைத்தது. வெளிநாட்டு உதிரிபாக நிறுவனம் ஒன்று யூனிட்டைத் தயாரிக்கும்போது ஏற்பட்ட குறையாக இருக்கலாம் என்று அப்போது சொன்னார்கள். தானாக முன்வந்து இலவசமாக மாற்றிக்கொடுத்ததைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இன்ஜின் பக்கவாட்டில், தண்ணீர் தெறிக்கும் இடத்தில், இவ்வளவு நுட்பமான ஒன்றைக் குடிவைப்பது எவ்வளவு கடினமான பொறியியல் என்பதற்கும் இந்த இரண்டு அழைப்புகளே சாட்சி.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பதில் எனக்கு மிகப் பிடித்த இயற்பியல் ஒன்று உண்டு. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடிய பெட்டி ஒன்று 100 டிகிரிக்குச் சூடாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் தேங்கிய தண்ணீருக்குள் இறங்குகிறது. பெட்டி சட்டென்று 30 டிகிரிக்குக் குளிர்கிறது. உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் தனி வெப்பநிலையின் விகிதத்தில் இறங்கும்; 373 கெல்வினிலிருந்து 303-க்கு, அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். வெளியே தண்ணீர், உள்ளே உறிஞ்சும் வெற்றிடம். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் பெட்டி தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் பல மணி நேரம் ஊறியும் தப்பிக்கிற மூடி, சூடாக இருக்கும்போது ஒரே ஒரு முறை நனைந்ததில் தோற்றுவிடக் காரணம் இதுதான். இதைத் தடுக்க, காற்றை விட்டுத் தண்ணீரை விடாத மெல்லிய சவ்வைப் பல பெட்டிகளில் பொருத்துகிறார்கள். அதன் துளைகளில் சேறும் உப்பும் அடைத்துக்கொண்டால் பெட்டி மறுபடி உறிஞ்சத் தொடங்கும்.

உள்ளே போனது நல்ல தண்ணீராக இருந்தால் காய்ந்து பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. அது காய்ந்தாலும் உப்பு தங்கும். மட்டாஞ்சேரியின் ஈரக்காற்றிலிருந்து அந்த உப்பு மறுபடி நீரை இழுத்துப் படலமாகிவிடும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செம்பு முனைகளில் ஒன்று பேட்டரியின் பாசிட்டிவ், மற்றது எர்த். சாவியை எடுத்துவிட்டாலும் பாசிட்டிவ் முனையில் 12 வோல்ட் இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்கும். தண்ணீரைப் பிளக்கவே 1.23 வோல்ட் போதும் என்னும்போது 12 என்பது தாராளம். உப்புப் படலம் வழியே மின்சாரம் ஒழுகுகிறது. பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு அயனியாகக் கரைந்து நெகட்டிவ் பக்கம் போய்ப் படிந்து, கிளைவிட்டு வளர்ந்து, கடைசியில் எதிர்முனையைத் தொடுகிறது. அதுதான் ஷார்ட்.

எவ்வளவு வேகமாக? ஃபாரடேயின் விதிப்படி, ஒரு மில்லிஆம்பியர் மின்சாரம் முழுவதும் செம்பைக் கரைப்பதிலேயே போனால் ஒரு நாளில் சுமார் 28 மில்லிகிராம் கரையும். உணரிகளுக்குப் போகும் அரை சதுர மில்லிமீட்டர் வயரில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துச் செம்பின் எடை 45 மில்லிகிராம். பேட்டரி இறங்கிவிட்டதே என்று சந்தேகிக்கக்கூட இடம் கொடுக்காத அந்தச் சின்னக் கசிவு, இரண்டு நாளுக்குள் ஒரு சென்டிமீட்டர் வயரைத் தின்றுவிடும். பச்சை பூத்த கனெக்டரைப் பார்த்திருப்பீர்கள். கரைந்த செம்பின் உப்பு அது. கார் ஓடாமல் வீட்டு வாசலில் நிற்கும்போதே இது நடக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

மின்னழுத்தத்தை உயர்த்தினால் பிடிக்கும் ஆற்றலும் உயரும் என்பதால் உலகம் 48 வோல்ட்டுக்குப் போனது. அதே 200 ஆம்பியர் 12 வோல்ட்டில் 2.4 கிலோவாட் என்றால் 48-இல் 9.6. 1990-களில் 42 வோல்ட் என்று ஒரு முயற்சி நடந்து, 2001-இல் டொயோட்டா கிரவுன் காரில் வந்தது. விலையும் பிற சிக்கல்களும் சேர்ந்து அது பரவாமல் போனது. 2011-இல் ஆடி, பிஎம்டபிள்யூ, டைம்லர், போர்ஷே, ஃபோக்ஸ்வாகன் ஆகிய ஜெர்மன் நிறுவனங்கள் 48 வோல்ட்டில் ஒன்றுகூடின. நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்கு மேல் போனால் மனித உடலுக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாகும். அந்தக் கோட்டுக்குள் நிற்க வேண்டும் என்பதே கணக்கு. இந்தியாவில் 2019-இல் எம்ஜி ஹெக்டர் இந்த ஏற்பாட்டோடு வந்தது.

மனிதருக்குப் பாதுகாப்பான இந்த அழுத்தம் கனெக்டருக்குப் புதிய ஆபத்தைக் கொண்டுவருகிறது. 12 வோல்ட்டில் இணைப்பு தளர்ந்தால் பொறி தோன்றி உடனே அணைந்துவிடும்; செம்பு முனைகளுக்கிடையே தொடர்ந்து எரிய அந்த அழுத்தம் போதாது. 48 வோல்ட்டில் பொறி நின்று எரியும், உலோகத்தை உருக்கும். எர்த் இணைப்பின் நிலைமையும் அப்படியே. சரியாக முறுக்கப்படாத போல்ட்டில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும், 200 ஆம்பியர் போகும்போது அங்கே 400 வாட் வெப்பம் உண்டாகும். 2023 இறுதியில் மெர்சிடஸ் பென்ஸ் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஜிஎல்இ, ஜிஎல்எஸ் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், 48 வோல்ட் எர்த் இணைப்பு சரியாக இறுகாமல் போய்த் தீப்பிடிக்கலாம் என்ற அச்சம். விலை ஒரு கோடியைத் தொடும் வண்டியிலும் ஒரு போல்ட்டின் முறுக்கம் இவ்வளவு பெரிய விஷயம். இந்த வண்டிகளில் விளக்குக்கும் கணினிக்கும் வேண்டிய 12 வோல்ட்டை, 48-லிருந்து இறக்கித் தரும் மாற்றி ஒன்று தருகிறது. அந்த மாற்றி செத்தாலும் பெல்ட் அறுந்த கதைதான்.

பேட்டரியின் வேதியியலில் மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. சுசூகி, தோஷிபா, டென்சோ மூன்றும் சேர்ந்து 2017-இல் குஜராத்தில் தொடங்கிய லித்தியம் செல் நிறுவனத்தின் அடிப்படை, தோஷிபாவின் லித்தியம் டைட்டனேட் செல். சாதாரண லித்தியம் பேட்டரியை வேகமாக நிரப்பினால் கிராஃபைட் மேல் லித்தியம் உலோகமாகப் படிந்து கெடுக்கும். டைட்டனேட்டில் அப்படிப் படியாது. பிரேக் பிடிக்கும் சில நொடிகளில் பெருவெள்ளமாக வரும் மின்சாரத்தை வாங்க அதனால்தான் அது பொருத்தம். 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவுக்காகக் கொச்சின் ஷிப்யார்டு கட்டிய நூறு பேர் பயணிக்கும் படகுகளிலும் இருப்பது லித்தியம் டைட்டனேட்தான். அங்கே 122 கிலோவாட்மணி, காரைவிட ஏறத்தாழ 1,700 மடங்கு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிரம்பிவிடுகிறது. 2025-இல் அந்தப் படகுகள் மட்டாஞ்சேரிக்கும் வந்துவிட்டன. காயலின் மேலேயே நாள் முழுதும் மின்சாரத்தில் ஓடும் படகு இருக்கும்போது, உப்பும் மின்சாரமும் ஒத்துப்போகவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. படகைக் கட்டுபவர் தண்ணீரைக் கணக்கில் வைத்தே தொடங்குகிறார். காரை வடிவமைப்பவர் தண்ணீர் எப்போதாவது வரும் என்று நினைக்கிறார்.

பணத்துக்கு வருவோம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 20 தரும் கார் 500 லிட்டர் குடிக்கும். மைல்டு ஹைப்ரிட் பத்து சதவீதம் மிச்சம் பிடிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் 50 லிட்டர், கேரளத்து விலையில் ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். வாரண்டி முடிந்தபின் யூனிட்டை மாற்ற நேர்ந்தால் ஆகும் செலவு பல்லாயிரம். பல ஆண்டுச் சேமிப்பு ஒரே பில்லில் கரையும். பழைய டைனமோ கெட்டால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்ப்பார். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் பிரஷ், டயோடு போயிருந்தால் டயோடு பிளேட், காயில் எரிந்திருந்தால் ரீவைண்டிங். இன்றைய யூனிட்டில் மாஸ்ஃபெட்டும் கணினியும் கூழ் ஊற்றிக் கெட்டிப்படுத்தப்பட்டிருக்கின்றன. அந்தக் கூழ் தண்ணீரைத் தடுக்கிறது, கூடவே ரிப்பேர்காரரையும் தடுக்கிறது. உள்ளே ஒரு சுவிட்சு எரிந்தால் முழு அசெம்பிளியும் போகிறது.

இதில் என் கருத்து உறுதியானது: மின்னணுப் பலகையைத் தனி உதிரிபாகமாக விற்க வேண்டும், ஸ்கேனரின் மொழியை வெளிப் பட்டறைகளுக்கும் திறந்துவிட வேண்டும். இந்தியாவில் இதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் வைத்திருந்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் பிறகு நீண்டன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியபோது வாகனங்களையும் அதில் சேர்த்தது. தோப்பும்படியிலோ தேனியிலோ உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரீஷியனின் கைக்குப் பலகை வந்து சேரும்வரை இவையெல்லாம் பாதி வழிதான்.

அதுவரை உரிமையாளர் செய்யக்கூடியவை சில உண்டு. சூடான இன்ஜினோடு தேங்கிய தண்ணீரில் இறங்காமல் கொஞ்சம் காத்திருந்து வேறு வழி பார்ப்பது, வாட்டர் சர்வீஸில் இன்ஜின் அறைக்குள் பிரஷர் கன்னைக் காட்ட விடாமல் இருப்பது, உப்புத் தண்ணீரில் போக நேர்ந்தால் அன்றே வண்டியின் அடிப்பகுதியை மெதுவான நன்னீரால் கழுவுவது, மழைக்கு முன் பெல்ட், டென்ஷனர், எர்த் போல்ட் மூன்றையும் பார்க்கச் சொல்வது. கார் முங்கியிருந்தால் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டால் செம்பைத் தின்னும் அந்தக் கசிவு பெரும்பாலும் நின்றுவிடும். லித்தியம் பேட்டரியோடு கூடவே இருக்கும் ஈய பேட்டரியை மாற்றும்போது அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் வகையையே வாங்க வேண்டும். விலை குறைவென்று சாதாரணமானதை வைத்தால் சீக்கிரமே இறங்கி, யூனிட்டின் மேல் பழி விழும்.

2018-க்கும் 2020-க்கும் இடையில் தயாரான அந்தக் கார்கள் இப்போது கொச்சியிலும் கோவையிலும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. திரும்ப அழைப்பு வண்டியின் சேசிஸ் எண்ணோடு சேர்ந்தது; முதல் உரிமையாளர் போகாமல் விட்டிருந்தால் அந்த வேலை இன்னும் பாக்கியாக நிற்கும். வாங்கப் போகிறவர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கும் அதே நேரத்தில் அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்து, யூனிட் மாற்றப்பட்டதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுக்கலாம்.